லாப்ரடோர் குட்டியா, மீட்கப்பட்ட நாயா? வெள்ளவத்தையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு மிருக வைத்தியரின் பதில்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். வீட்டில் 9 வயது மகள், 5 வயது மகன், நாய் என்றாலே ஒதுங்கி நிற்கும் மாமி. கணவர் நீர்கொழும்புப் பக்கம் நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் லாப்ரடோர் குட்டி ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டார். மகளோ தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு நாயின் படத்தைக் காட்டி, இதுதான் வேண்டும் என்று நிற்கிறாள். எங்கிருந்து வாங்குவது நல்லது என்பது கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது கடைசி வரியில்தான் இருக்கிறது: "மகன் கொஞ்சம் முரட்டுத்தனம். வாலைப் பிடித்து இழுத்தாலும் கடிக்காத நாய் எது?"

முதலில் அந்த வரிக்கே பதில் சொல்கிறேன். அப்படி ஒரு நாய் இல்லை. பேராதனையில் படித்து முடித்து 22 வருடமாகத் தெஹிவளையில் மிருக வைத்தியம் பார்க்கிறேன். வலித்தால், மூலையில் மாட்டினால், தூக்கத்தில் மிதிபட்டால் எந்த நாயும் பல்லைக் காட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் படும் கடிகளில் பெரும்பாலானவை தெரியாத தெரு நாய் கடித்தவை அல்ல. சொந்த வீட்டு நாயோ பக்கத்து வீட்டு நாயோ கடித்தவை. 5 வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாயின் உயரத்தில் இருப்பதால் கடி முகத்தில் படுகிறது. எனவே எந்த நாய் வந்தாலும், மகனும் நாயும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது. அடுத்த இரண்டு, மூன்று வருடத்துக்கு இது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.

சரி, எங்கிருந்து? உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, குட்டி வேண்டாம். ஒன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட, வளர்ந்து முடிந்த நாயாக எடுங்கள். அது யாராவது ஒருவருடைய வீட்டுக்குள் குறைந்தது ஆறு கிழமையாவது வாழ்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்னும் நல்லது. மீட்புக் குழுக்களின் தற்காலிக வளர்ப்பு வீடுகளில் இப்படியான நாய்கள் கிடைக்கின்றன. சில வேளை நாய் வளர்ப்பவரிடமும் கண்காட்சிக்கோ இனப்பெருக்கத்துக்கோ வேண்டாமென்று வைத்த இரண்டு வயது நாய் இருக்கும். இரண்டும் சரிதான். குட்டியில் நீங்கள் பார்ப்பது அழகான ஒரு ஊகம். வளர்ந்த நாயில் குணம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது: பிள்ளை ஓடினால் துரத்துகிறதா, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறதா, வெடிச் சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று அதை வைத்திருப்பவரிடமே கேட்கலாம்.

லாப்ரடோர் என்றால் பிள்ளைகளுக்கு நல்லது என்று உங்கள் கணவர் சொல்வது காரணமில்லாத பேச்சு இல்லை. நானும் நல்ல லாப்ரடோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இனத்தின் பெயர் எவ்வளவு தூரம் உத்தரவாதம் தரும் என்பதில் மக்கள் ஏமாந்து போகிறார்கள். 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் தகவல் பெற்று, அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் பார்த்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. தனி நாய்களுக்கு இடையே குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்று அது கண்டது. சொல்பேச்சுக் கேட்டுப் பழகுவதில் இனம் ஓரளவு துணை செய்தது. எவ்வளவு கெதியில் சினம் கொள்ளும் என்பதில் மிகக் குறைவாகவே துணை செய்தது. அதாவது உங்கள் கேள்வி எந்தக் குணத்தைப் பற்றியதோ, அதைப் பற்றித்தான் இனம் குறைவாகப் பேசுகிறது.

இனம் உறுதியாகச் சொல்லக்கூடியது உடம்பை. லாப்ரடோர் 25 முதல் 36 கிலோ வரை வளரும். லிஃப்ட் பழுதான நாளில், காலில் காயத்தோடு அதை மூன்று மாடி இறக்குவது யார் என்று இன்றே யோசியுங்கள். எங்கள் ஊர் நாய் பெரும்பாலும் 15 கிலோவைச் சுற்றியே நின்றுவிடும். அப்புறம் சாப்பாடு. பிரித்தானியாவில் 2016இல் நடந்த ஆய்வொன்றில், லாப்ரடோர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்காமல் வைத்திருக்கும் ஒரு மரபணுக் குறை இருப்பது தெரியவந்தது. தொடர்மாடியில், ஆளாளுக்கு மாறி மாறி பிஸ்கட் கொடுக்கும் வீட்டில், அந்த நாய் ஐந்து வயதில் மேசை போல ஆகி என்னிடம் வரும். அந்த எடை இடுப்பு மூட்டில் இறங்கும்.

ஊர் நாய்க்கு நோயே வராது என்று மறுபக்கம் சொல்வதையும் நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 27,000 நாய்களின் பதிவுகளை வைத்து 24 பரம்பரைக் கோளாறுகளைப் பார்த்தார்கள். 10 கோளாறுகள் சாதி நாய்களில் கூடுதல். ஒன்று, முழங்கால் நாண் அறுவது, கலப்பு நாய்களில் கூடுதல். மீதி 13இலும் வித்தியாசம் இல்லை. அது அங்குள்ள கலப்பு நாய்களைப் பற்றியது, நம்முடைய கட்டாக்காலி நாய்களைப் பற்றியது அல்ல என்பதால், அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. இங்கே என் மேசைக்கு வருவதைச் சொல்கிறேன். சாதி நாய்களில் ஜேர்மன் ஷெப்பர்டின் இடுப்பு, டக்ஸ்ஹூண்டின் முதுகெலும்பு, பக் நாயின் மூச்சு. மூக்குச் சப்பையான நாய்களைக் கொழும்பு வெக்கையில் வளர்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நாய் இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். மூச்சுப் பாதை குறுகிய நாய்க்கு அதுவே முடியாது. மார்ச், ஏப்ரலில் மத்தியானம் ஒரு மணிக்கு நாக்கு நீலம் பாரித்த பக் ஒன்றை யாராவது தூக்கிக்கொண்டு ஓடி வருவது வருடந்தோறும் நடக்கிறது. தெருவிலிருந்து வரும் நாய்களில் உண்ணிக் காய்ச்சல், சொறி, குடற்புழு, இணைசேரும்போது பரவும் ஒரு வகைக் கட்டி. இவை பார்க்கப் பயமாக இருந்தாலும் மருந்துக்குக் கேட்கின்றன. உண்ணிக் காய்ச்சல் மட்டும் முழுதாக விடாமல் திரும்பத் திரும்ப வருவதுண்டு; அதற்கான இரத்தப் பரிசோதனையை வீட்டுக்கு எடுப்பதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள்.

இனி, இரண்டு பக்கத்தாரும் அதிகம் பேசாத விசயத்துக்கு வருகிறேன். நாயின் வாழ்க்கையில் மூன்றாம் கிழமையிலிருந்து ஏறத்தாழ 14ஆம் கிழமை வரை ஒரு காலம் இருக்கிறது. அந்த நாட்களில் எதையெல்லாம் பயமின்றிப் பார்த்ததோ, அதெல்லாம் அதற்கு உலகத்தின் இயல்பான பகுதியாகிவிடும். பார்க்காதது பின்னாளில் பயமாக நிற்கும். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் குறைந்தது எட்டுக் கிழமை இருந்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை விளையாட்டில் படித்துக்கொள்கிறது. ஐந்தாம் கிழமையில் பிரித்தெடுத்த குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள்: பரம்பரைப் பத்திரத்தோடு விற்கப்படும் குட்டி பின்வளவில் ஒரு கம்பிக் கூட்டுக்குள், ஒரே ஒரு பணியாளின் முகத்தை மட்டும் பார்த்து வளர்ந்திருக்கலாம். தெஹிவளைச் சந்தைக்குப் பின்னால் மரக்கறிக் கடைக்காரர்கள் சோறு வைத்து வளர்த்த குட்டி, ஓட்டோ, பிள்ளைகள், குடை, பொங்கல் வெடி எல்லாம் பார்த்து வளர்ந்திருக்கலாம். இது தலைகீழாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்ற பெயர்ப் பலகையை விட, அந்தப் பத்துப் பன்னிரண்டு கிழமையில் என்ன நடந்தது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

இதில் நானே பிழை விட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்து மூன்றாம் வருடம், கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் கால்வாய் ஓரம் கண்டெடுத்த குட்டியோடு வந்தது. நான்கு மாதம் இருக்கும். என் கை நீண்டதும் மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டது. "அன்பாக வைத்திருங்கள், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்தும் அது கட்டிலுக்குக் கீழேதான் வாழ்ந்தது. விடுமுறைக்கு வந்த மருமகப் பையன் பந்தை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டான்; உள்ளங்கையில் நான்கு தையல். நாயில் குற்றமில்லை, பையனிலும் குற்றமில்லை. அவ்வளவு பயந்த நாய் பிள்ளைகள் வந்துபோகும் வீட்டுக்குப் பொருந்தாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவன் நான். பயந்த நாய்கள் தேறுவதுண்டு. பிள்ளைகள் இல்லாத, பொறுமையான வீட்டில் தேறும்.

கணவர் மனம் மாறாமல் குட்டிதான் என்று நின்றால், நீர்கொழும்புக்கு நேரே போங்கள். "நாங்களே பாதி வழிக்குக் கொண்டுவந்து தருகிறோம்" என்று வெலிசறையிலோ வத்தளையிலோ காரின் பின்கதவைத் திறந்து குட்டியை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். தாய் நாயைக் கட்டாயம் பாருங்கள். அதன் விலா தெரிகிறதா, முலைகள் தொங்கிப் புண்ணாகி இருக்கின்றனவா, உங்களைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு வருகிறதா, சுவரோடு ஒதுங்குகிறதா? குட்டியின் குணத்துக்குத் தாயை விட நல்ல சாட்சி கிடைக்காது. பெற்றோர் இரண்டினதும் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். இலங்கை கெனல் சங்கத்தின் பதிவுப் பத்திரத்தைக் காட்டுவார்கள். அது பரம்பரையைச் சொல்லும் தாள், உடல்நலச் சான்றிதழ் ஆகாது. தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபலை உரித்து அட்டையில் ஒட்டி, திகதி எழுதி, மிருக வைத்தியர் கையொப்பமும் முத்திரையும் வைத்திருப்பார். பேனையால் "ஊசி போட்டது" என்று மட்டும் எழுதிய அட்டை எனக்கு வெற்றுத்தாள்தான். முதல் ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு முறை, 16 கிழமை ஆகும் வரை போக வேண்டும். ஒரே ஊசியோடு "எல்லாம் முடிந்தது" என்பவர் பொய் சொல்கிறார், அல்லது அவருக்கே தெரியாது. இரண்டும் உங்களுக்கு ஆகாது.

மீட்புக் குழு என்றாலும் கேள்விகள் குறையக் கூடாது. இங்கே 2006இலிருந்து தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. பிடித்து, கருத்தடை செய்து, விசர்நாய்த் தடுப்பூசி போட்டுத் திரும்ப விடுகிறார்கள். காது நுனியில் சின்ன வெட்டு உள்ள நாய்களை நீங்கள் காலி வீதியில் பார்த்திருப்பீர்கள், அவை அப்படி வந்தவை. 2007இல் தொடங்கிய எம்பார்க் போன்ற அமைப்புகளும், சொந்தக் காசைப் போட்டு வீட்டில் நாய் பராமரிக்கும் எத்தனையோ தனி மனிதர்களும் இந்தச் சுமையைத் தாங்குகிறார்கள். அவர்களில் பலரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இடம் நிறைந்து வழியும்போது, எந்த நாயையும் "பிள்ளைகளோடு நல்லது" என்று எழுதிப் படம் போடும் பழக்கமும் இருக்கிறது. இன்னொன்று: மீட்கப்பட்டதென்றால் ஊர் நாய் என்று நினைக்காதீர்கள். 2022 நெருக்கடியில் நாய்ச் சாப்பாடும் மருந்தும் எட்டாத விலைக்குப் போனபோது, என்னிடம் ஊசிக்கு வந்த ஹஸ்கியும் லாப்ரடோரும் ரொட்வைலரும் தெருவில் நின்றன. கணவர் லாப்ரடோர்தான் வேண்டுமென்றால், கைவிடப்பட்ட வளர்ந்த லாப்ரடோர் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், மகளும் சம்மதிப்பாள்.

நல்ல இடத்தை அறிய எனக்கு ஒரு வழி உண்டு. அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கிறார்களா? பகலில் வீட்டில் யார், தொடர்மாடியின் முகாமைச் சபை நாய் வளர்க்க விடுமா, வெளிநாடு போனால் யாரிடம் விடுவீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்பவர், விற்பவரானாலும் மீட்பவரானாலும், நாயை நேசிப்பவர். சரிவராவிட்டால் எத்தனை மாதம் கழித்தும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதித் தருகிறார்களா என்பதையும் பாருங்கள். முகாமைச் சபையின் அனுமதியை நீங்களும் இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒரு வருடம் வளர்த்த நாயை அயலவரின் முறைப்பாட்டால் கண்ணீரோடு திருப்பிக் கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

நாயைப் பார்க்கப் போகும்போது ஒரு சில்வர் பேணியைக் கொண்டு போங்கள். நாய் உங்களோடு கொஞ்சம் பழகிய பிறகு, பத்தடி தள்ளி நின்று அதைத் தரையில் நழுவ விடுங்கள். எல்லா நாயும் துள்ளும், துள்ளுவது பிழையில்லை. அதற்குப் பிறகு வரும் அரை நிமிடத்தைப் பாருங்கள். போன மாதம் களுபோவிலையில் ஒரு வளர்ப்பு வீட்டில் இப்படிப் போட்டபோது, மண்ணிறப் பெண் நாய் ஒன்று கதிரைக்குப் பின்னால் பாய்ந்தது. ஐந்து எண்ணுவதற்குள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல வந்து, உருண்டு கிடந்த பேணியை மணந்து, வாலைத் தாழ்வாக ஆட்டியது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் தேடுவது அந்த நாயைத்தான். திரும்பி வராமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நாயையும், பேணியை நோக்கிச் சீறிப் பாயும் நாயையும் உங்கள் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன். இது ஒரு சின்னச் சோதனைதான். காப்பகங்களில் செய்யும் குணப் பரிசோதனைகள் பின்னாளில் வீட்டில் நடக்கப்போவதை அவ்வளவு நன்றாகக் கணிப்பதில்லை. கூட்டுக்குள் சாப்பாட்டுக்கு உறுமிய நாய்கள் பல, வீட்டுக்குப் போனதும் உறுமுவதை விட்டிருக்கின்றன. எனவே பேணி காட்டுவதை விட, வளர்ப்பு வீட்டுக்காரர் ஆறு கிழமை பார்த்ததுதான் பெரிய சாட்சி. வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் இரண்டு, மூன்று முறையாவது போய்ப் பாருங்கள். உங்கள் மகள் காட்டும் நாயை நான் தொட்டுப் பார்க்கவில்லை, உங்கள் மகனையும் பார்க்கவில்லை. அதனால் மகளின் கைபேசியில் இருக்கும் அந்த நாயைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் சொல்ல என்னால் முடியாது.

நோயைப் பற்றி இரண்டு விசயங்களில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒன்று பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். பிஸ்கட் பெட்டிக்குள் துவாய் விரித்து, வாங்கி நான்கு நாளான குட்டியைக் கொண்டுவருவார்கள். பெட்டியைத் திறக்க முன்பே அந்த இரத்த வயிற்றோட்டத்தின் மணம் அறைக்குள் வந்துவிடும். கிருமி உடம்புக்குள் போய்ப் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் நோய் காட்டும் என்பதால், வாங்கிய இடத்திலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர் வீட்டிலிருந்தும் வருகிறது, நெரிசலான காப்பகத்திலிருந்தும் வருகிறது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; பார்வோவில் ஒரு குட்டியை இழந்த வீட்டுக்கு, தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவராதீர்கள். மற்றது விசர்நாய்க்கடி நோய். அது இந்த நாட்டில் இன்னும் ஆட்களைக் கொல்கிறது, குட்டிகளுக்கும் வரும். தடுப்பூசி நிலை தெரியாத குட்டியோ நாயோ கடித்தாலும் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த குட்டி சில நாளில் காரணம் தெரியாமல் செத்தால் புதைத்துவிடாதீர்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்க முடியும், உங்கள் மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ உடனே சொல்லுங்கள்.

கடைசியாக மாமியைப் பற்றி. கேள்வியில் அவருக்கு அரை வரிதான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், நீங்களும் கணவரும் வேலைக்குப் போனால், அந்த வீட்டில் நாயோடு பகல் முழுக்க இருக்கப்போவது அவர்தான். அவர் சம்மதிக்காத நாய் அந்த வீட்டில் நிலைக்காது. இரண்டாம் முறை பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுவர் ஓரமாகக் கதிரை போட்டு உட்கார வையுங்கள். நாயைத் தடவச் சொல்லாதீர்கள், நாயையும் அவர் பக்கம் இழுக்காதீர்கள். ஒரு தேத்தண்ணீர் குடித்து முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். அந்த நேரத்தில் நாய் அவர் மடியில் பாய்கிறதா, மணந்து பார்த்துவிட்டுத் தள்ளிப்போய்ப் படுக்கிறதா என்று பாருங்கள். தள்ளிப்போய்ப் படுக்கும் நாயென்றால், வீட்டுக்கு வந்து மாமியிடம் தனியாகக் கேளுங்கள்.